கல்கி ராஜாவின் முதுகில் கம்பெனி பஸ்

எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு என்ற வார்த்தையை அம்மா வாயால் சொல்ல மாட்டாள். "அந்தச் சனியன்" என்பாள், எல்லோருக்கும் புரிந்துவிடும். காரணம் அப்பா. மைசூரில், ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. எங்கள் வீடு இருந்த சாமுண்டிபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போக அரை மணி, வர அரை மணி. அந்த அரை மணி முழுக்கக் கடைசி வரிசையில் ஒரு ப்ரீஃப்கேஸை மடிமேல் கிடத்தி ரம்மி ஓடும். காசு கிடையாது. ஆனால் காசு வைத்து ஆடுகிறவர்கள்கூட அவ்வளவு சத்தம் போட மாட்டார்கள். என் பத்தாம் வகுப்புப் பரிசளிப்பு விழா அன்று, இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டு, பஸ் ஷெட் வரை போய்விட்டுத் தேசிய கீதம் முடிந்த பிறகு வந்து நின்றார். "கையில நல்ல சீட்டு வந்துருச்சு அம்மிணி" என்றார். அன்றைக்கு அம்மா போட்ட சட்டம்தான்: இந்த வீட்டு வாசற்படியை எந்தச் சீட்டும் தாண்டக் கூடாது.

அதற்கு முன்பும் ஆட்டமெல்லாம் பஸ்ஸோடு சரி. ஆகவே கல்லூரிக்குப் போகும் வயது வரை நான் ஒரு சீட்டைக் கையால் தொட்டதில்லை. இது பின்னால் வேண்டியிருக்கும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் பி.யு.சி. முடித்த பெண் பி.காம். சேருவாள், அல்லது நர்ஸிங் போவாள். நான் கைவினையும் நாட்டார் கலையும் படிக்கப்போகிறேன் என்று சொன்னதும் அம்மா என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். அப்பா மட்டும் திட்டவில்லை. கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு, "எனக்கு இந்தக் கலை கிலையெல்லாம் தெரியாது அம்மிணி. ஒரு வருசம் படி. வருசக் கடைசில நீ கத்துக்கிட்டதுல ஏதாச்சும் ஒண்ணைக் கொண்டாந்து காட்டு. எனக்குப் புரியோணும். சும்மா நல்லாருக்குதுன்னு சொல்ற மாதிரி இல்ல, புரியோணும். புரிஞ்சுதுன்னா மேல படி. இல்லீன்னா பேசாம பி.காம். சேந்துக்கோ" என்றார்.

"சரி" என்று சொல்லிவிட்டேன். என்ன தைரியம்! அந்த வயதில் யார் என்ன பந்தயம் கட்டினாலும் சரி என்பேன்.

கல்லூரிக்குள் போன முதல் வாரமே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஓர் அறையில் கடைசல் இயந்திரம் சுழல, மரத்துண்டின்மேல் அரக்குக் குச்சியை வைத்து அழுத்தினால் சூட்டில் உருகி நிறம் ஏறும். அடுத்த அறையில் தோல் பொம்மைகள். வரைந்து சாயம் பூசிய ஆட்டுத்தோலை ஜன்னலுக்கு நேரே பிடித்தால் அனுமார் உள்ளேயிருந்து பச்சையாக எரிவார். ஈட்டி மரத்தூள் வாசனை தலைமுடியில் ஏறி, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என்னை மோந்து பார்ப்பார்கள். ராத்திரி தூக்கத்தில்கூடக் கை உளியைத் தேடும். இத்தனை நாள் என்னை எதற்காக வரலாறும் கணக்கும் படிக்கவைத்தார்கள் என்று எல்லோர் மேலும் கோபம் கோபமாக வந்தது.

கற்றுக்கொண்டதையெல்லாம் சுடச்சுட அப்பாவிடம் கொண்டுபோய் நீட்டுவேன். அரக்குப் பொம்மையைப் பார்த்து, "நல்லாருக்குது" என்றார். தோல் பொம்மையை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். "நல்லாருக்குது." ஈட்டி மரத்தில் நானே பதித்த யானையை மடியில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாருக்குது." அந்த வார்த்தையைக் கேட்டாலே சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்று இருக்கும். கார்த்திகை தீபமும் போய்விட்டது. அப்பாவுக்கு ஒன்றுமே புரிந்தபாடில்லை. தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டைத் தாண்டும்போதெல்லாம் அங்கிருந்து வரும் டக் டக் என் மண்டைக்குள் விழுந்தது.

அப்போதுதான் விரிவுரையாளர் ஒரு காலையில், வட்ட வட்டமாக, உள்ளங்கை அளவில் சில அட்டைகளை மேஜைமேல் பரப்பினார். கஞ்சிஃபா. அந்தக் காலத்து அரண்மனைகளில் ஆடிய சீட்டு. ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. எங்களுக்கு வருஷக் கடைசிச் செய்முறைத் தேர்வுக்கு அதுதான். தசாவதாரக் கட்டு: பத்து அவதாரம், அவதாரத்துக்கு ஒரு ராஜா, ஒரு மந்திரி, ஒன்றிலிருந்து பத்து வரை எண் சீட்டு.

"சீட்டா சார்? நிஜமா சீட்டா?" என்று எழுந்தே நின்றுவிட்டேன். வகுப்பு சிரித்தது. சிரிக்கட்டும்! எங்க அப்பாவுக்குப் புரியக்கூடிய ஒன்று உலகத்தில் இருக்கிறதென்றால் அது இதுதானே!

அம்மாவிடம் சீட்டு என்று சொல்வேனா? "தசாவதாரம் வரையறேன்மா" என்றேன். பொய்யில்லையே. அம்மா உருகிவிட்டாள். அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்துக் கொடுத்தாள். புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, அரைத்து, பசை காய்ச்சியதும் அவள்தான். துணியைப் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டி, அம்மிக்கல்லை மேலே ஏற்றிவைத்து அழுத்தி, காய்ந்ததும் வட்டமாக வெட்டினேன். மச்சம், கூர்மம் என்று ஒவ்வொரு ராஜாவாக முடிய முடிய, வெள்ளிக்கிழமை அம்மா அவரைச் சாமி அலமாரியில் வைத்துக் கற்பூரம் காட்டினாள். நரசிம்மரைக் கண்டபோது, "கண்ணு என்னையே பாக்குதுடி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் தூரிகையைக் கழுவுகிற சாக்கில் குழாயடிக்குப் போய்விட்டேன்.

முன்பக்கம் முடிந்தது. பின்பக்கத்துக்கு என்ன என்று கேட்டேன். "சும்மா ஒரே நிறம் பூசிவிடுவது வழக்கம்" என்றார் விரிவுரையாளர். ஏன் என்றேன். "வழக்கம்" என்றார் மறுபடியும். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குக் காது சூடாகிவிடும். யார் வைத்த வழக்கம்? இவ்வளவு இடத்தைச் சும்மா விடுவதா? ராமர் ராஜாவின் பின்னால் ஒரு மயிலை வரைந்தேன். மந்திரியின் பின்னால் கிளி. மைனா, கொக்கு, மீன்கொத்தி. பறவைகள் தீர்ந்ததும் எங்கள் தெருவுக்கு வந்தேன். தண்ணீர்க் குழாய், மல்லிகைக்காரியின் கூடை, மைசூர்பாகு, குதிரை வண்டி. கல்கி ராஜாவின் பின்னால் அப்பாவுக்காகவே கம்பெனி பஸ், ஜன்னலெல்லாம் போட்டு. நூற்றிருபது சீட்டு, நூற்றிருபது படம், ஒன்றுபோல் இன்னொன்று கிடையாது. விரிவுரையாளர் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி யாருமே பண்ணலையேம்மா!" என்றார். மற்ற வகுப்பிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் மதிப்பெண் என் பையில் என்றே நினைத்தேன்.

தேர்வு திங்கட்கிழமை. முந்தைய நாள் ஞாயிறு மதியம், சாப்பிட்டுக் கை கழுவிய அப்பாவிடம் போய் உட்கார்ந்து, "அப்பா, இது சீட்டு. ஆடலாம்" என்றேன்.

அப்பா நிமிர்ந்தார். ஒரு வருஷமாக நான் பார்க்க ஏங்கிய நிமிர்வு! ஆனால் சமையலறையில் கரண்டி விழுந்தது. அம்மா ஓடி வந்தாள்.

"என்னடி சொன்னே? சீட்டா? பெருமாளைக் கொண்டுபோய் அந்தச் சனியன்ல சேத்துட்டியாடி? நான் கற்பூரம் காட்டுனேனே, பாவி!"

"ராஜாக்களே ஆடுனதும்மா..."

"ஆடுனவங்க ராஜ்யம் இப்ப எங்கே?"

அப்பா அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். இந்த ஆட்டத்துக்கு மூன்று பேர் வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். கால் மணியில் பஸ் கூட்டாளிகள் இரண்டு பேரோடு வந்துவிட்டார். ஒருவர் கொள்ளேகால்காரர், நான் மாமா என்று கூப்பிடுவேன். மற்றவர் பெரிய மீசை வைத்த கன்னடக்காரர், அவர் அங்கிள்.

அம்மா வாசலை மறித்து நின்றாள். அவளுக்கும் இக்கட்டுதான். சீட்டை விரட்டலாம், ராமரை விரட்ட முடியுமா? கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். "ஆடறதுன்னா சுத்தமா ஆடணும். எல்லாரும் போய்க் கை கால் கழுவிட்டு வாங்க. அண்ணா, அந்தப் பீடிக்கட்டு வெளிய இருக்கட்டும். எச்சி தொட்டுச் சீட்டு எடுக்கக் கூடாது. ஓங்கி அடிக்கக் கூடாது. பெருமாள் வலிக்குதுன்னு சொல்ல மாட்டாரு, நாமதான் பாத்துக்கணும்."

மூன்று பேரும் பள்ளிப் பிள்ளைகள் போல வரிசையாகக் குழாயடியில் கால் கழுவினார்கள். அம்மா துவைத்த போர்வையை விரித்தாள். நான் விதிகளைச் சொன்னேன். "பகல்ல ஆடுனா, ராமர் ராஜா யார் கையில இருக்காரோ அவங்கதான் முதல்ல இறங்கணும். விளக்கு வெச்சப்புறம் ஆடுனா கிருஷ்ணர் ராஜா. போட்டதுல பெரிய சீட்டு யாருதோ அவங்களுக்கு அந்தச் சுத்துச் சீட்டெல்லாம்."

"தேவ்ரே! சீட்டுக்கே பகல், ராத்திரி இருக்கா!" என்று அங்கிள் மீசையைத் தடவினார்.

அப்பா பங்கு போட்டார். அவர் விரல்களை அன்றுதான் பார்த்தேன். வட்டச் சீட்டு, பழக்கமில்லாதது, ஆனாலும் தண்ணீர் மாதிரி ஓடியது. மாமாவிடம் ராமர் இருந்தார், இறங்கினார். இரண்டு சுற்று, மூன்று சுற்று. அப்பா குனிந்துவிட்டார், கண் சுருங்கிவிட்டது, பஸ்ஸில் இப்படித்தான் இருப்பார்போல. புரிகிறது, அப்பாவுக்குப் புரிகிறது!

அம்மா காப்பியோடு வந்தாள். அங்கிளுக்கு எதிரே டம்ளரை வைத்தவள், அவர் கையிலிருந்த சீட்டுகளின் முதுகைப் பார்த்து வெகு சாதாரணமாகச் சொன்னாள்: "அட, கம்பெனி பஸ் அண்ணன்கிட்ட இருக்கு. கல்கி ராஜா. பக்கத்துல மீன்கொத்தி, அது வாமனர் மந்திரி."

ஆட்டம் நின்றது.

அங்கிள் தன் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். கல்கிதான். மாமா தன் கையை மடியில் கவிழ்த்துக்கொண்டார். அம்மா எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "என்ன? தப்பா சொல்லிட்டனா? நாலு மாசமா இதுங்களைத்தானே பாத்துட்டிருக்கேன்" என்றாள்.

முதலில் மாமாதான் வெடித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மார்க் பண்ணுன கட்டுடா சாமி! நூத்தியிருவதும் மார்க்! இதை பஸ்ல எடுத்தம்னா நம்மளைப் பாதி வழியிலயே இறக்கி விட்டுருவானுக!" அங்கிள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எதிராளிக்குத் தெரியக் கூடாத பக்கம் அது! வழக்கம் என்றால் இதுதானா வழக்கம்! சீட்டையே தொடாமல் வளர்ந்த பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்? வகுப்பில்தான் யார் ஆடிப் பார்த்தோம்? எங்களுக்கு அது ஓவியம்.

அப்பா சிரிக்கவில்லை. சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்து என் பக்கம் நகர்த்தினார். பிறகு சொன்னார்.

"நல்லாருக்குது அம்மிணி."

அந்த வார்த்தை! இருந்த அழுகையெல்லாம் கோபமாகத் திரும்பியது. "இது கலைப்பா! உங்க பஸ் ஆட்டம் இல்ல! எங்க சாரே இந்த மாதிரி யாரும் பண்ணலைன்னாரு!" என்று கத்தினேன்.

"இருக்கட்டும் கண்ணு. ஆனா நீ சீட்டுன்னுதானே சொன்னே? ஆடலாம்னுதானே சொன்னே?"

கோபம் யார் மேல் என்றுகூடத் தெரியவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். டக் டக் என்று டைப்ரைட்டிங் காதில் கேட்டது, ஞாயிற்றுக்கிழமையில்கூட. நாளைக்கு இந்தப் பறவைகளுக்குத்தான் முதல் மதிப்பெண். இந்தப் பறவைகள் இருக்கும்வரை இது சீட்டு இல்லை, அப்பாவுக்குப் புரியவும் போவதில்லை. ஒன்று வேண்டும் என்றால் இன்னொன்று போகும். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. பிறகு சிவப்புச் சாயத்தைக் கிண்ணத்தில் கொட்டினேன், கோந்து விட்டுக் குழைத்தேன், பெரிய தூரிகையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். நல்லவேளை, பின்பக்கத்துக்குக் கடைசி மெருகு இன்னும் பூசியிருக்கவில்லை.

முதலில் மயிலை எடுத்தேன். ஒரே இழுப்பு. மயில் போயிற்று.

"ஐயோ, ஏன்டி! மயிலுடி!" என்று அம்மா என் கையைப் பிடித்தாள். "விடும்மா" என்றேன். கிளி போயிற்று. கொக்கு போயிற்று. கையில் ஒரு வேகம் வந்துவிட்டது. இமைக்காமல் வரைந்ததையெல்லாம் அழிக்கிறோம் என்று வலிக்கத்தான் வலித்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், ஒவ்வொரு சீட்டும் அதற்கு முந்தைய சீட்டு மாதிரியே ஆக ஆக, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கட்டு ஒன்று பிறந்துகொண்டிருந்தது! மாமா வந்து உட்கார்ந்து, ஓரத்தைப் பிடித்துப் பிடித்து வாங்கி வைத்தார். அங்கிள் மாடிக்கு ஓடினார். அம்மா புலம்பிக்கொண்டே வடாம் பிழிகிற வேட்டியை மொட்டை மாடியில் விரித்துக் கொடுத்தாள். ஏப்ரல் வெயிலில் நூற்றுச் சொச்சம் சிவப்பு வட்டங்கள் வரிசையாகக் காய்ந்தன. காக்காயை விரட்ட அங்கிள் குடையோடு நின்றார்.

கடைசியில் ஒன்றைக் காணோம். அப்பா கையில் இருந்தது. கம்பெனி பஸ். மூன்றாவது ஜன்னலில் நான் சிறிதாக அவர் தலையையும் போட்டிருந்தேன், அவர் அதை இப்போதுதான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

"இதையுமா அம்மிணி?"

"அது ஒண்ணு மட்டும் இருந்தா, கல்கி யார்கிட்டன்னு தெரிஞ்சுரும்பா."

அப்பா கையை நீட்டித் தூரிகையை வாங்கினார். பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்து, தன் ஜன்னல் வரை வந்து, ஒரு நொடி நின்று, அதையும் பூசி, ஓரம் பிசிறில்லாமல் முடித்தார். தச்சர்கள் கதவுக்குப் பூசும் அரக்கு மெருகை ஏற்றினோம். அது மளமளவென்று காய்ந்தது.

மறுநாள் தேர்வில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விரிவுரையாளர் கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஹக்கி எல்லம்மா?" என்று கன்னடத்தில் அலறினார், பறவைகளெல்லாம் எங்கே என்று. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "பின்பக்கம் ஒன்றுமே இல்லையே" என்றார். "இருக்கக் கூடாது சார். உட்காருங்க, ஆடிக் காட்டறேன்" என்றேன். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அடுத்த மாணவி வெளியே காத்திருக்க, ஆட்டம் ஒரு மணி நேரம் ஓடியது. எனக்கு முதல் மதிப்பெண் வரவில்லை. இரண்டாவது வந்தது. போகட்டும்.

நான் சொல்ல வந்தது அந்த ஞாயிறு சாயங்காலம். மெருகு காய்ந்து, எல்லோர் விரலும் சிவந்து, மறுபடி ஆட்டம் ஆரம்பித்தபோது மணி ஐந்திருக்கும். ராமர் ராஜாவிடமிருந்துதான் தொடங்கினோம். அந்த ஆட்டம் முடிந்ததும் கொள்ளேகால் மாமா வீட்டில் தேடுவார்கள் என்று எழுந்துவிட்டார். மூன்றாவது ஆள் இல்லை. நான் உட்காரப் போனேன். "நீ செஞ்சவ, உனக்கு எல்லாம் தெரியும்" என்று அங்கிள் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம்.

"என்னைய என்னத்துக்குப் பாக்கறீங்க?" என்றாள். பிறகு சாமி விளக்கை ஏற்றிவிட்டு, குழாயடிக்குப் போய்க் கை கால் கழுவிக்கொண்டு, முந்தானையைச் செருகியபடி வந்து உட்கார்ந்தாள்.

அப்பா பங்கு போட்டு முடித்தார். அங்கிள் தன் கையை விரித்துப் பார்த்துவிட்டு, "ராமர் நம்மகிட்ட" என்று ஜம்பமாக இறங்கப் போனார்.

"நிறுத்துய்யா" என்றார் அப்பா. "விளக்கு வெச்சாச்சு. இனிமே ராமர் இல்ல. கிருஷ்ணர் யாருகிட்ட?"

மதியம் ஒரே ஒரு தடவை சொன்ன விதி அது. எனக்கே அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அப்பா சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, என்னிடம் கேட்டார்: "அடுத்த வருசம் காலேசு என்னைக்குத் தொறக்கறாங்க அம்மிணி?"

"ஜூன்லப்பா!" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"பேச்சைக் குறைச்சுட்டு ஆட்டத்தைப் பாருங்க" என்றாள் அம்மா. கிருஷ்ணர் அவளிடம்தான் இருந்தார். கையை ஓங்கி, போர்வை அதிரும்படி, படாரென்று போட்டாள்.